ஆண்டாயியின் பருத்தி மடி

ஆண்டாயியை அவள் பெற்ற கடைசி மகனே "அம்மாயி" என்று, அம்மாவைப் பெற்ற பாட்டியைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டான். ஊரார் சிரித்தார்கள். அவள் ஒரு நாளும் திருத்தவில்லை. ஏன் என்று கேட்டால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷத்துக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தை மாதம் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. குரும்பலூர்ப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு, மூன்று பிள்ளைகள். மூத்தவள் கொளஞ்சியம்மாளைக் கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளுக்கு ஏழாம் மாதம். வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஆண்டாயிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், அவளுக்கும் அப்போது ஐந்தாம் மாதம்.

மருமகன் எடுத்த பிறகு இது என்ன கூத்து என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். கொளஞ்சியின் மாமியார் இருசம்மாள் வீட்டில் ஒரு கட்டு இருந்தது. வேறொரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குத் தங்கள் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப மாட்டார்கள், இரண்டில் ஒன்றுக்கு ஆகாது என்பார்கள். அனுப்பாவிட்டால் பிரசவம் அங்கேதான். அந்த வீட்டில்தான் மூத்த மருமகள், பக்கத்தில் தாய்கூட இல்லாமல், இரண்டு நாள் வலியில் கிடந்து செத்துப்போனாள். தன் மகளையும் அங்கே விட ஆண்டாயிக்கு மனம் வரவில்லை. மறைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கீழப்பழுவூருக்குப் போன அன்று புடவையைத் தளர்த்திக் கட்டிச் சமாளித்தாள். ஊர் திரும்பிய பிறகு கைகொடுத்தது பருத்தி. காட்டில் பருத்தி எடுக்கும் பெண்கள் பழம்புடவையை வயிற்றின் முன்னால் மடியாகக் கட்டிக்கொள்வார்கள். மடி நிறைந்தால் கிழவிகூடப் பிள்ளைத்தாய்ச்சி போலத்தான் தெரிவாள். ஆண்டாயி விடிந்ததும் கட்டிய மடியை ஊர் அடங்கிய பிறகுதான் அவிழ்த்தாள். உலை வைக்கும்போதும் மடி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் மடி. கால் வீங்கியது. படுக்க முடியாது, பெருமூச்சு விட முடியாது, கூடப்பிறந்தவளிடம் சொல்லி அழவும் முடியாது. சொந்த வீட்டிலேயே சிறை இருந்தாள். இதில் பாதிப் பங்குக்காரரான அவள் புருஷன் கருப்பண்ணன் மட்டும் ஒன்றும் அறியாதவர் போல மாடு தேய்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் கொளஞ்சிக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. வலி எடுத்த நேரமெல்லாம் ஆண்டாயி மகளைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். இப்போது தெரிந்தால் பச்சை உடம்புக்காரியை உடனே கிளப்பிவிடுவார்கள், பருத்தி முடிந்ததும் மகளும் பேரனும் தாங்களே ஊருக்குப் போய்விடுவார்கள், அதுவரை தாக்குப் பிடித்தால் போதும் என்று நினைத்தாள்.

சித்திரை முதல் நாள் பேரனைப் பார்க்க இருசம்மாள், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆண்டாயி சிரித்த முகமாக வாசலுக்கு வந்தாள். இருசம்மாளின் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை.

"வருஷப் பொறப்பும் அதுவுமா எந்தக் காட்டுல பருத்தி எடுக்குறீங்க, சம்பந்தி?"

அன்று எவரும் காட்டில் இறங்க மாட்டார்கள். பழக்கத்தில் கை தானாக மடியைக் கட்டிவிட்டிருந்தது.

"அவுருங்க, பாப்பம்."

அவிழ்த்தாள். மடி கீழே விழுந்தது. வயிறு அப்படியே நின்றது.

"பொண்ணையும் புள்ளையையும் இப்பவே கெளப்புங்க. இந்த வூட்டுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்."

ஆண்டாயிக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் குரல் உடையவில்லை. "கூட்டிட்டுப் போங்க. அவ உசுரோட பொழச்சி எழுந்துட்டா. எனக்கு அது போதும்."

கொளஞ்சி உள்ளேயிருந்து வந்தாள். குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். கீழே கிடந்த பழம்புடவையை எடுத்துத் தன் வயிற்றில் கட்டினாள்.

"கடைசிப் பருத்தி இன்னும் செடியில நிக்குது, அத்த. அம்மாவால குனிய முடியாது. அத எடுத்து முடிச்சி, அம்மாவுக்குப் பிரசவமும் பாத்துட்டு வரேன்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அழைச்சிட்டு வந்த அன்னைக்கே தெரியும். வண்டி குலுங்குறப்பல்லாம் நான் என் வயித்தப் புடிச்சிகிட்டேன். அம்மாவும் புடிச்சிகிச்சி."

மூன்று மாதமாகத் தனியாகச் சுமந்தோம் என்று நினைத்திருந்த ஆண்டாயி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வைகாசிக் கடைசியில் மகள் கையில்தான் அவள் பெற்றாள். ஆண் பிள்ளை. பிறகு வந்த காய்ச்சலில் ஆண்டாயிக்குப் பால் வற்றிப்போயிற்று. கொளஞ்சி தானே பால் கொடுப்பதாகத் தன் மகனோடு தம்பியையும் தூக்கிக்கொண்டு கீழப்பழுவூர் போனாள். இருசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தூளி கட்டினாள்.

பையன் மூன்று வயதில் திரும்பி வந்தான். அக்கா மகன் கூப்பிடுவதைப் பார்த்து அவனும் ஆண்டாயியை "அம்மாயி" என்றான். கொளஞ்சிக்குப் பதறியது.

"இதுதாண்டா ஒன் அம்மா."

"வுடும்மா," என்றாள் ஆண்டாயி. "நீ பொழச்சி இருக்கணும்னுதான் அந்த மடியக் கட்டுனேன். நீ இருக்க. இவன் என்ன எப்படிக் கூப்ட்டா என்ன."

சொல்லிவிட்டு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் கொளஞ்சியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, அம்மா என்று அழுதான்.