பெண் வசனம் வாசித்த பையன்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் என் மகளுக்கு டியூஷன். அழைத்துவரப் போகும்போதெல்லாம் அவளுடைய இலக்கிய ஆசிரியையைப் பார்ப்பேன். நூல் சேலை கட்டியிருப்பார், காலில் விளையாட்டுக் காலணி, கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு ஏறியிருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடகப் பாடத்தில் பெண்கள் பேசும் வசனங்களைப் பையன்களிடம்தான் வாசிக்கக் கொடுப்பார்.

அன்று நான் சீக்கிரமே போய் வாசலில் நின்றிருந்தேன். கணவன் சந்தேகப்பட்டு வீட்டைவிட்டுத் துரத்தும் மனைவியின் வசனம் ஒரு பையனுக்கு வந்தது. "நான் செய்த தவறென்ன?" என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டான். வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அவன் மறுபடி தொடங்கும்வரை காத்திருந்தார்.

படியிறங்கும்போது கேட்டேன். "ஏன் டீச்சர், பொண்ணுங்கதான் இருக்காங்களே? பாவம் லா அந்தப் பையன்."

"பொண்ணுங்ககிட்டயும் கொடுத்துப் பார்த்தேண்ணே. கடகடன்னு வாசிச்சிட்டு உட்கார்ந்துடுறாங்க. ஒருத்தி கொரலும் நடுங்கல. இதெல்லாம் சகஜம்னு பழகிட்டாங்களோன்னு எனக்குத்தான் பயமாப் போச்சு."

கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்றே நினைத்தேன். ஆனாலும் காரில் வரும்போது மகளிடம் அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். ஒரு கையில் ஐஸ் மைலோ பானத்தைப் பிடித்தபடி, எங்கும் தடுமாறாமல் வாசித்து முடித்தாள்.

"நல்லா வாசிச்சேனாப்பா?" என்றாள்.

ரொம்ப நன்றாகத்தான் வாசித்திருந்தாள்.