வலிக்கவா, தூக்கவா

என் கணவரின் இரண்டு கைகளும் தோளுக்கு மேலே போகாமல் போன பிறகுதான் நான் துடுப்புப் பிடிக்கப் பழகினேன். அதுவரை கடலை பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. நான் தம்பலகாமத்து வயல்காரர் வீட்டில் பிறந்தவள். முழங்கால் அளவு சேற்றில் நின்று நாற்று நடச் சொன்னால் நடுவேன். தோணியில் ஏறச் சொன்னால் அது ஆடுவதற்கு முன்பே நான் ஆடிவிடுவேன்.

யுத்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைக் கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்து விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைகளைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் அசைப்பார். வலை இழுப்பார், சோறு பிசைந்து சாப்பிடுவார், சாரத்தைத் தானே உடுத்திக்கொள்வார். ஆனால் சட்டையை நான்தான் மாட்டிவிட வேண்டும், தலையும் நான்தான் சீப்பால் இழுத்துவிட வேண்டும். தலை இழுக்கும்போது குழந்தைப்பிள்ளைபோல் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். அவர்மேல் இல்லை. ஆனால் ஆத்திரத்தைக் காட்ட வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அவர்மேல்தான் காட்டினேன்.

அப்போது நாங்கள் லிங்கநகரில் தூரத்து உறவினர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். மகளுக்கு நாலு வயது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் நண்டு வலை. கடலில் எஞ்சின் பூட்டத் தடை இருந்த காலம் அது. பாஸ் உள்ளவர்கள், பகலில் மட்டும், துடுப்பு வலித்துப் போகலாம். அவரால் வலிக்க முடியும். வலிப்பதற்குக் கை தோளுக்கு மேலே போகத் தேவையில்லை. தூக்கத்தான் முடியாது.

தூக்குவது என்றால் இதுதான். கடற்படையின் ரோந்துப் படகு வரும் சத்தம் கேட்டதும், செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு, துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அவர்கள் பார்த்து முடித்துப் போகும்வரை இறக்கக்கூடாது. தோணியில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு துடுப்பாவது மேலே நிற்க வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் துறையில் தெரியாதவர் இல்லை. ஒற்றைக் கையால் தூக்கினால் தூரத்துக்கு எதையோ தோளில் வைத்துக் குறிபார்ப்பதுபோல் தெரியும் என்றார்கள். அப்படித் தெரிந்து ஒருவர் போயே போய்விட்டார்.

ஆகவே அவர் தனியாகக் கடலுக்குப் போக முடியாது. தூக்க ஒரு ஆள் வேண்டும். பழைய கூட்டாளிகள் இருவரைக் கேட்டுப் பார்த்தார். உள்ளே போய் வந்தவரோடு ஒரே தோணியில் ஏற யாருக்கு மனம் வரும்? ஒருவர் முதுகுவலி என்றார். மற்றவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்ததும், "நான் வாறன்" என்றேன்.

"உமக்குக் கடல் தெரியாது."

"கை தூக்கத் தெரியுமே. அதுக்கென்ன படிப்பே?"

அவர் சிரித்தார். வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாஸ் எடுக்கப் போன இடத்தில் பொம்பிளைக்கு எதற்கு என்று கேட்டார்கள். இவர் கையைத் தூக்கிக் காட்ட முயன்றார். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாஸை எழுதித் தந்தார்கள்.

துடுப்பு வாங்கக் கிண்ணியாவுக்குப் போனோம். பாலம் இல்லாத காலம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். துடுப்புச் செய்யும் தச்சர் இவருக்கு முன்பே பழக்கம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் இவர் அவரை நானா என்பார். பட்டறை வாசலில் நாலைந்து துடுப்புகள் சுவரில் சாய்ந்து நின்றன. நான் ஒன்றைத் தொட்டதும் அவர் கேட்டார்.

"வலிக்கவா, தூக்கவா தங்கச்சி?"

எனக்கு விளங்கவில்லை. துடுப்பு வலிப்பதற்குத்தானே என்றேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தூக்க, நானா. வலிக்கிறது நான்தானே" என்றார்.

அந்தக் காலத்தில் அங்கே துடுப்பு அப்படித்தான் விற்றுப்போனது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூக்குகிற துடுப்பு இலேசானது, அலகு ஒடுங்கியது, தண்ணீரில் பெரிதாக வேலை செய்யாது. வாங்குகிற ஆள் அதை நானா முன்னால் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நானா ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடியும்வரை கை நடுங்காவிட்டால் அந்தத் துடுப்பு அந்த ஆளுக்கு. நடுங்கினால் இன்னும் இலேசானது. கடையில் சேலையை விரித்துக் காட்டுவதுபோல அவர் அதைச் சர்வசாதாரணமாகச் செய்தார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். என்னைக் கொடிக்கம்பமாகத் தோணியில் நட்டுவைக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. மூலையில் சமண்டலை மரத்தில் செய்த ஒரு துடுப்பு நின்றது. கனமானது, அலகு என் இரண்டு கை அகலம். அதை எடுத்தேன்.

"அது ஆம்பிளையளுக்கு, தங்கச்சி."

"நீங்க பீடியைப் பத்துங்கோ" என்றேன்.

இவர் என் கிட்ட வந்து மெல்லச் சொன்னார். "அகல அலகு தண்ணியைக் கனக்கப் பிடிக்கும். நீர் புதுசு. வலிச்சால் தோள் போயிடும். சின்னனை எடும்."

"உங்கட தோள் போனது போதும், என்ரை தோளுக்கு ஒண்டும் வராது."

அதை நான் நானா முன்னால் சொன்னேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொல்லியாகிவிட்டது. நானா பீடியைப் பற்றவைத்தார். நான் அந்தத் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நெல் மூட்டை சுமந்த உடம்பு எனக்கு. பீடி அவருடைய விரலைச் சுடும்வரை நான் அசையவில்லை. நானா வியந்துபோய், "மாஷா அல்லாஹ்" என்றார். இவரும் தலையாட்டினார். அந்தத் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு பாதைக்கு நடந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தூக்கிப் பார்த்தோம். வலித்துப் பார்க்கவில்லை. பட்டறைக்கு எதிரே தண்ணீர் கிடந்தது, தோணிகளும் கட்டியிருந்தன. ஒரு தரம் இறங்கி வலித்துப் பார் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. துடுப்பு என்றால் தூக்குவது என்று எல்லாருக்கும் ஆகிவிட்டிருந்தது.

முதல் நாள் தோணி என் பேச்சைக் கேட்கவில்லை. நான் ஒரு வலி வலித்தால் அது மூக்கைத் திருப்பிக்கொண்டு கண்டல் மரங்களுக்குள் போனது. பின்னுக்கு இருந்து அவர் சரிசெய்தார். "அலகை முழுக்கத் தாழ்த்தாதையும், பாதி போதும்" என்றார். பாதி போதுமென்றால் நான் ஏன் முழு அலகு வாங்கினேன்? முழுவதும் தாழ்த்தி இழுத்தேன். தோணி பாய்ந்தது. அந்தப் பாய்ச்சல் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். உள்ளங்கையில் கொப்புளம், தோளில் ஒரு கடுப்பு. நாற்று நட்ட முதல் நாளும் இடுப்பு இப்படித்தான் கடுக்கும், பழகினால் போய்விடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ரோந்துப் படகு வந்தது. சத்தம் கேட்டதும் அவர் வலையை விட்டுவிட்டு இரண்டு கையையும் தோணி விளிம்பில், தெரியும்படி வைத்தார். நான் தூக்கினேன். படகு எங்களை ஒரு சுற்றுச் சுற்றியது. முகங்களைப் பார்க்கவில்லை. எதிரே தெரிந்த ஒரு பனை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். போய்விட்டார்கள். துடுப்பை இறக்கினேன். அவர் குனிந்து என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கலியாணமாகி ஆறு வருடத்தில் வெளிச்சத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு கிழமை போனது. நண்டு பட்டது. மகள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். எட்டாம் நாள் பிற்பகல் வலை போட்டுவிட்டுத் திரும்பும்போது காற்று எதிராக எழும்பியது. குறித்த நேரத்துக்குள் கரையில் நிற்காவிட்டால் பாஸ் போய்விடும். அவர் தன் பழைய துடுப்பின் ஒடுங்கிய அலகால் அலுக்காமல் வலித்தார். நான் அகல அலகை முழுவதும் தாழ்த்தி வலித்தேன், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் முழுப் பாரமாகக் கையில் தொங்கியது. கரை தெரியும் இடத்தில் வலது தோளுக்குள் ஏதோ கழன்று விலகியது. நான் கத்தவில்லை. கத்தினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். இடது கையால் ஒப்புக்குத் தண்ணீரைத் தட்டிக்கொண்டு கரைக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை அவருக்குத் தலை இழுக்கச் சீப்பை எடுத்தேன். கை நெஞ்சுக்கு மேலே போகவில்லை. அவர் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரமாகியும் சீப்பு வராததால் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"நேற்று."

நேற்று இல்லை, முதல் நாளிலிருந்தே கடுத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திட்டியிருக்கலாம், நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அவர் சிரித்தார். "வீட்டில ரெண்டு பேரும் கை தூக்க ஏலாத ஆக்கள். இனிப் பிள்ளைக்கு ஆர் தலை இழுக்கிறது?" என்றார். நானும் சிரித்தேன். அழுகை வந்ததால்தான் சிரித்தேன்.

வலை தண்ணீரில் கிடந்தது. அது எங்களுடைய வலையும் இல்லை, இரவல் வாங்கியது. இரண்டு நாள் விட்டால் பட்ட நண்டுகள் வலையைக் குதறிவிட்டுச் செத்துப்போகும்.

"வலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திடுறன்" என்றார்.

"வேண்டாம். போகாதேங்கோ."

"காலமையில அவங்கள் இந்தப் பக்கம் வாறேல்லை."

"வந்தால்?"

"உம்முடைய துடுப்பைக் கொண்டு போறன். நிமிர்த்திப் பிடிச்சால் அகல அலகு தூரத்துக்குத் தெரியும்."

நான் இன்னொரு தரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் விழுந்து மறித்திருக்கலாம். மறிக்கிற பெண்தான் நான், வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்தவள். அன்றைக்கு என் வாய்க்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மறித்தால், தோள் போனது என்னுடைய வீம்பால்தான் என்பதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும். அதைக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. இவ்வளவுதான் காரணம். ஒற்றைக் கையால் அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டேன். ஒரு தெறியைத் துளைக்குள் பூட்ட முடியவில்லை, அப்படியே போனார்.

பத்து மணிக்கு முன் அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். வேறு தோணியில் நின்ற ஒருவர்தான் எங்கள் தோணியைக் கட்டி இழுத்து வந்தவர். அவர் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். "நிமிர்த்தித்தான் பிடிச்சவர், தங்கச்சி. நெஞ்சோடை அணைச்சு, அலகு மேலே நிக்கப் பிடிச்சவர். அந்தப் பாரம் அவருக்குத் தாங்கேல்லை. தோளில சரிஞ்சு போச்சு" என்றார். சரிந்ததைக் கையால் காட்டினார். பிறகு வெடிச்சத்தம் கேட்டதாகச் சொன்னார். யார் சுட்டது என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. இவர் வலை முழுவதையும் எடுத்துத்தான் வைத்திருந்தார். நண்டுகள் தோணிக்குள் அவர்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன்.

விசாரணையில் மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். துடுப்பு ஏன் மேலே நிற்கவில்லை என்று கேட்டார்கள், கையைப் பற்றிச் சொன்னேன். உனக்கும் பாஸ் இருந்ததே, அன்றைக்கு நீ ஏன் போகவில்லை என்று கேட்டார்கள்.

"காய்ச்சல்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. மொழிபெயர்த்தவர் சொன்னார், மற்றவர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு மாமியாருக்கும் காய்ச்சல் என்றேன். என் வீட்டாருக்கும் அதையே சொன்னேன். கிண்ணியாவிலிருந்து நானா துக்கம் கேட்க வந்தார். என் தோளில் கட்டியிருந்த துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் அதையே சொன்னேன், அவர் மறுத்துக் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சிலவேளை நான் பேச்சை நிறுத்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கு விளங்கிவிடும். கிட்ட வந்து இருந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொல்வாள்.

"காய்ச்சல் வாறதுக்கு நீங்கள் என்னம்மா செய்யிறது?"

நான் ஓம் என்கிறேன்.