ஜெரோடிச்சின் வலது கால்

பால் கறக்க முக்காலியில் உட்கார்ந்தால், ஜெரோடிச்சுக்கு வலது பிட்டத்தின் அடியில் ஆணி இறங்கியது போல வலித்தது. கென்யாவின் ஈட்டென் ஊரில் மூன்று மாடுகள், இரண்டு பிள்ளைகள், பதினான்கு வருடப் பந்தய ஓட்டம் என்று வாழ்ந்தவள். யாரையும் சட்டென்று நம்பமாட்டாள். பந்தயத்தில் தானே நிரப்பிய தண்ணீரைத்தான் குடிப்பாள்.

இடுப்பு நரம்புக் கோளாறு என்றார் மருந்துக்கடைக்காரர். இரண்டு மாதம் மாத்திரை தின்றும் குறையவில்லை. கடைசியில் பிசியோதெரபி பார்க்கும் கிபோரிடம் போனாள்.

அவன் முதுகை அழுத்திப் பார்த்தான், அங்கே வலியில்லை. உட்காரும் எலும்பில் விரல் வைத்ததும் அலறிவிட்டாள். குதிகாலைக் கட்டிலில் ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொன்னான். மறுபடி அதே இடம்.

“நரம்பு இல்லக்கா. பின்தொடைத் தசை எலும்புல ஒட்டுற இடத்துல தசைநாண் நொந்துபோயிருக்கு. மேட்டுல ஓடாதீங்க. காலை நீட்டி இழுக்கிறதையும் விடுங்க.”

“இழுக்காம விட்டா இறுகிப்போயிடாதா?”

“இழுக்க இழுக்கத்தான் அது எலும்புல நசுங்குது. இப்படியே இடுப்பைத் தூக்கி நாற்பத்தஞ்சு செகண்ட் நிறுத்துங்க, அஞ்சு தடவை. அப்புறம் மெல்ல எடை தூக்கலாம். நாலு மாசம் ஆகும்.”

அவள் பேர் கொடுத்திருந்த பந்தயத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது. அதில் அவளோடு போட்டியிட இருந்த செலகட், கிபோரின் சித்தப்பா மகள். ஜெரோடிச்சுக்குப் பொறிதட்டியது.

“என்னை உக்கார வச்சிட்டு உன் தங்கச்சியை ஓட விடப்போறியா தம்பி?”

“உக்காந்தாத்தானே உங்களுக்கு வலிக்குது? எப்படிக்கா உக்கார வைப்பேன்?”

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே பக்கத்து நகரமான எல்டோரெட்டுக்கு வேனில் ஒருக்களித்து உட்கார்ந்து போய் ஸ்கேன் எடுத்தாள். அங்கிருந்த டாக்டரும் அதையே சொன்னார். கிபோர் முன்கூட்டியே போன் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வீம்புக்கு ஒரு வாரம் காலை முன்னைவிட வலுவாக இழுத்தாள். எட்டாம் நாள் முக்காலியில் உட்காரவே முடியவில்லை.

செலகட் என்னதான் செய்கிறாள் என்று வேவு பார்க்க அவள் வீட்டு வேலியோரம் போய் நின்றாள். செலகட் மக்காச்சோள மூட்டையைத் தோளில் வைத்து மெதுவாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

“ஏன் வேலிக்கு வெளியவே நிக்கிறீங்கக்கா? உள்ள வாங்க.”

“என்ன இது?”

“கிபோர் அண்ணன் குடுத்த பயிற்சிக்கா. போன வருஷம் எனக்கும் உங்களுக்கு வலிக்கிற அதே இடத்துல வலி. தங்கச்சின்னுகூடப் பார்க்காம அஞ்சு மாசம் மேட்டுப்பக்கமே விடல. திட்டித் தீர்த்தேன்.”

அன்று சாயங்காலமே ஜெரோடிச் தரையில் படுத்து இடுப்பைத் தூக்கினாள். சில வாரங்களில் அரை மூட்டை, பிறகு முழு மூட்டை. மறுநாள் காலை வலி கூடாவிட்டால் மட்டுமே எடையை ஏற்றினாள். பந்தயம் அவளில்லாமல் நடந்தது. செலகட் ஆறாவதாக வந்தாள். ஐந்தாம் மாதம் ஜெரோடிச் மேடேறி ஓடினாள். லேசாக முணுமுணுத்ததோடு வலி நின்றுகொண்டது. இப்போதும் தூரப் பயணமென்றால், மடித்த கம்பளியைப் போட்டுத்தான் உட்காருகிறாள்.