முதலாம் வகுப்புக் கிணறு

காலை ஆறு பத்து. ஊர்காவற்றுறையில் அக்கா வீட்டுக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனபோது முதலில் கண்ணில் பட்டது, கிணற்றுக்கட்டின் மேல் நீலப் பெயின்ற்றால் எழுதியிருந்த 'ந-1'. பெயின்ற் புதிது.

"கந்தோர் ஆக்கள் வந்து எழுதினவை," என்றார் அக்கா. "ந எண்டால் நகரமாம். ஒண்டு எண்டால் முதலாம் வகுப்பாம். இந்த ஒழுங்கைக்கே எங்கட கிணறுதான்."

பிள்ளை சோதினை பாஸ் பண்ணிய செய்தியைச் சொல்லும் குரல் அது. விறாந்தைக் கதிரையிலிருந்து அத்தான் சிரித்தார். "நான் மூண்டாம் வகுப்பு மனுசன், கிணறு முதலாம் வகுப்பு. இனி எங்க ரெண்டு பேருக்கும் சரிவராது."

அத்தானுக்குச் சிறுநீரகம் பழுது. உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் குடிக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஒழுங்கை தெருவோடு சேரும் முகப்பில் ஒரு கறுப்புத் தாங்கி இருந்தது. அதை நிரப்ப வரும் பவுசர் லொறித் தண்ணீரில்தான் அவருடைய குடிப்பும் சமையலும்.

கந்தோர், அதாவது நீர்வள அலுவலகம், அப்போது நகரப் பகுதிகளின் நீர்வளக் கண்காணிப்பு நிலையங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்தது. நிலையம் என்றால் கட்டடம் அல்ல; ஒரு பகுதிக்காகத் தெரிந்தெடுத்த ஒரு கிணறு. முதலாம் வகுப்பென்றால் குடிக்கலாம். இரண்டாம் வகுப்பென்றால் குளிக்கலாம், துவைக்கலாம். மூன்றாம் வகுப்புக்குப் பவுசர். ஊர்காவற்றுறையில் ஒரு கடைத்தெருவும் பஸ் நிலையமும் இருப்பதால் அது நகரம். ஒழுங்கையில் ஆடு கட்டியிருப்பதைப் பற்றி வகைப்பாட்டில் ஒன்றுமில்லை.

அந்தக் கிழமையே பவுசர் வருவது நின்றது.

தீவுக் கிணறுகளைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாக நிற்கும், கீழே சவர். இரவெல்லாம் அசையாமல் கிடந்த கிணற்றில், விடிய அள்ளும் முதல் வாளிதான் குடிக்க. வாளியைத் தாழ விடாமல், தண்ணீரின் முகத்தில் சாய்த்து, கால் வாளிக்கு மேல் அள்ளமாட்டார்கள். நாலு வீட்டார் அள்ளி வெயில் ஏறிவிட்டால் அதே கிணறு கரிக்கும். சுகதேகிகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்; அத்தானின் ஒரு நாள் குடிப்புக்கும் சமையலுக்கும் அந்தக் கால் வாளி போதாது. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பது மட்டும் எப்போதும் அந்த முதல் வாளித் தண்ணீர்.

மாதிரி எடுக்க வந்தவர்களுக்கும் அக்கா அதைத்தான் கொடுத்திருந்தார். விடிய வந்தார்களாம். அவர்கள் கயிற்றைத் தொடுமுன் தானே அள்ளி, போத்தலைக் கழுவி, நிரப்பிக் கொடுத்தாராம். தேத்தண்ணியும் கொடுத்தாராம்.

நான் முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவன். ஒரு ஊரின் வெக்கை பற்றி யாராவது எழுதி வந்தால், எத்தனை மணிக்கு அளந்தது என்று கேட்காமல் அச்சுக்கு விட்டதில்லை. கந்தோரின் அட்டவணையில் மணிக்கு இடமில்லை. எவ்வளவு ஆழத்தில் அள்ளியது என்பதற்கும் இடமில்லை. கிணற்றின் மிக நல்ல ஒரு நிமிடத்தை எடுத்து, அதை முழுக் கிணறாக எழுதி, அந்தக் கிணற்றை முழு ஒழுங்கையாக எழுதியிருந்தார்கள். இதை ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் ஒப்பமிட்டிருந்தார்.

பின்னேரம் மூன்று மணிக்கு அள்ளிய தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் கொண்டுபோய்க் கந்தோர் அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

"நாங்கள் எடுக்காத மாதிரியை ஏற்க ஏலாது ஐயா," என்றார். இளம் ஆள், மரியாதையான பேச்சு.

"பதியச் சொல்லேல்லை. ஒரு மிடறு குடிச்சுப் பாரும்."

"வெளித் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளாது ஐயா."

"வெளித் தண்ணியோ? நீர்தானே முதலாம் வகுப்பெண்டு எழுதினனீர்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் ஒன்றுக்குச் சம்மதித்தார்: மறுபடி ஒருமுறை மாதிரி எடுப்பார்கள். வழமைப்படி காலையில்தான். அதன் முடிவை அடுத்த வகைப்படுத்தல் வரை மாற்ற ஏலாது.

அன்றிரவு அக்காவிடம் கெஞ்சினேன். "நீங்கள் கயிற்றைத் தொடாதேங்கோ. அந்தப் பிள்ளையே அள்ளட்டும். வாளி அடிவரை தாழட்டும்."

"ஓம், ஓம். விளங்குது," என்றார்.

விடிய ஒரு பெண் பிள்ளை வந்தாள், கந்தோர்ச் சட்டையோடு. கயிற்றை விட்டாள். வாளி தண்ணீரில் மிதந்து ஆடியது, தாழவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து ஆட்டினாள். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டலில் பொறுக்கவில்லை.

"விடு பிள்ளை, கிணத்தைக் கலக்கிப் போடுவாய்."

"அக்கா!" என்று கத்தினேன்.

அதற்குள் கயிறு அவர் கையில். மணிக்கட்டால் ஒரு சுண்டு. வாளி சாய்ந்தது, கால் பங்கு நிறைந்தது, மேலே வந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"என்னக்கா செய்தனீங்கள்?"

"அப்ப என்ன, அந்தப் பிள்ளைக்கு அடிச் சவரை அள்ளிக் குடுக்கச் சொல்லுறியோ? ஆரோ பெத்த பிள்ளை."

"அவள் குடிக்க வரேல்லை!"

"கேட்டது தண்ணிதானே?"

அத்தான் விறாந்தையிலிருந்து, "தம்பி, உவளோட கதைச்சு வெல்ல ஏலாது. நான் நாப்பது வருசமாப் பாக்கிறன்," என்றார். அந்த முறை சிரிக்கவில்லை.

அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அது அநியாயம் என்று பட்டது. அவர் ஒரு விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு, கிணற்றில் எப்படித் தண்ணீர் அள்ளுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிணறுகளை வகைப்படுத்தியவர்கள்தான் பிழை விட்டவர்கள். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று கந்தோருக்கு எழுதிக் கொடுத்தேன். வகுப்பு நிலையத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாம் முடிவும் முதலாம் வகுப்பு. கறுப்புத் தாங்கியை அடுத்த ஒழுங்கைக்குக் கொண்டுபோனார்கள்.

அத்தான் இப்போது யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆட்டையும் வீட்டு வளவையும் பார்க்க ஆளில்லாததால் அக்கா ஊர்காவற்றுறையில் இருக்கிறார்.