பெரியவர் என்று எழுதிய துண்டு

என்னோடு மலைச் சரணாலயத்தில் வேலை செய்த நவம் மோசம் போய்விட்டான் என்று அவனுடைய தம்பி காலையில் வந்து சொன்னார். நெஞ்சுவலியாம். அவர் வந்துபோன பிறகு கப்பல்துறைப் பாதையை மூடிவிட்டார்கள். இராணுவச் சென்றியில் கெஞ்சிப் பார்த்தேன், விடவில்லை. செத்தவீட்டுக்குப் போக முடியாதவன் இதை எழுதுகிறேன், அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை தொடங்கிய பிறகும் சில காலம் அந்த மலைக்கு ஆட்கள் வந்தார்கள். வாசலில் பெயர் பதிகிறவன் நான், மேலே கூட்டிக்கொண்டு போகிறவன் அவன். சோற்றுப் பார்சலும் ரேடியோவுமாக வருகிறவர்களிடம் ரேடியோவை வாங்கி என் மேசையில் வைத்துவிடுவான். "அவையின்ர வீட்டுக்கெல்லோ போறம், கொஞ்சம் மரியாதையா வாங்கோ" என்பான். மான், மயில், கரடி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டுவான். யானையை மட்டும் காட்டுக்குள் யானை என்று சொல்லமாட்டான். "பெரியவர்" என்பான். பெயரைச் சொன்னால் வந்து நிற்குமாம். நான் சிரித்தால், "நீ கதிரையில இருந்து சிரிப்பாய், நடந்து பார் மச்சான்" என்பான்.

ஒருநாள், இறங்கி வந்த ஆசிரியர் ஒருவரிடம் எனக்கு ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். 'பெரியவர் இரண்டு பேரோடு சுனையடியில் நிற்கிறார். ஒருவரையும் மேலே விடாதே.' வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். துண்டைச் சட்டைப்பையில் வைத்ததை மறந்துபோனேன். வீடு திரும்பும்போது சென்றியில் அதை எடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்தார்.

"ஆர் இந்தப் பெரியவர்?"

"யானை, ஐயா."

கன்னத்தில் அறை விழுந்தது. "எழுதினது ஆர்?"

சொன்னேன். இரண்டாம் தரம் கேட்க வைக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அவனைப் பிடித்தார்கள்.

ஏழு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். பார்க்கப் போனபோது வலது முழங்காலை மடக்க முடியாமல் இருந்தான். மலையும் மூடப்பட்டிருந்தது. "திறந்தாலும் இனி எனக்கு ஏற ஏலாது" என்றான். அவனுடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "அண்ணை, அந்தத் துண்டு எப்பிடி அவையின்ர கையில போனது?" என்று கேட்டார். நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். நவம்தான் பதில் சொன்னான்.

"யானையெண்டே எழுதியிருக்கலாம். என்ர பிழை."

என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போய் அவனோடு கதைத்திருக்கிறேன். இதை மட்டும் கதைக்கத் துணியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

உங்களிடம் அவனைப் பற்றி நல்ல நினைவுகள் நிறைய இருக்கும். நான் வைத்திருப்பது, தன்னுடையதென்று அவன் எடுத்துக்கொண்ட அந்தப் பிழையை. அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன்: அது என்னுடையது, தங்கச்சி.