ஓணான் வேஷம் எனக்கு வரவேண்டியது

போன வாரம் என் மகள் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "அப்பா, அசையாம இருங்க" என்றாள். அசையாமல் இருந்தேன். இரண்டே நொடி. திரையில் என் மூக்கு நீண்டது, காது மேலே ஏறியது, கன்னமெல்லாம் மயிர் முளைத்து நான் ஓநாயாகிவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. ஒரு மனிதனை மிருகமாக்க நாங்கள் ஒரு மார்கழி முழுக்கப் பாடுபட்டிருக்கிறோம். அதில் மிருகமாகியிருக்க வேண்டியவன் நான். வேறொருத்தன் ஆனான்.

செல்போன் ஓநாய்க்கு வாசனை கிடையாது. எங்கள் மிருகத்துக்கு இருந்தது. மைதாப் பசை வாசனை. சிவகாசிப் பக்கம் அச்சகத்திலோ வெடிக் கம்பெனியிலோ ஒரு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் புளித்த வாசனையைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை. சட்டையில் ஏறும், சோற்றில் ஏறும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்பவர் மூக்கைச் சுளித்தால் நம் கம்பெனி எதுவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது சூலக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் டேப்தான். ஆனால் எங்காவது சுவரில் புதிதாகப் போஸ்டர் ஒட்டியிருந்தால், கால் தானாக நின்றுவிடுகிறது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் வரைகிறவன். வெடிப் பெட்டிக்கு மேலே சிரிக்கும் குழந்தை, கர்ஜிக்கும் புலி, இதெல்லாம் கம்ப்யூட்டரில் நான் போடுவது. என்னைக் கலைஞன் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம். காளிராஜ் சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அச்சங்குளத்தில் வெடிக் கம்பெனி வேலை. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். அவனிடம் பொறாமைப்பட ஏதாவது இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சாத்தூரில் ஜெயபால் அண்ணாச்சி கல்யாண வீடியோ எடுப்பவர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கேமரா பெட்டிக்குள் தூங்கும். "சும்மா கெடக்குற கேமராவ வச்சு ஒரு பயங்கரப் படம் எடுப்போமாடா?" என்று அவர் ஒரு நாள் கேட்டதும் அங்கேயே நின்றபடி கதை சொன்னேன். சின்ன வயதில் ஓணானைக் கல்லால் அடித்துக் கொன்றவன், வளர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓணானாகிவிடுகிறான். அண்ணாச்சிக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. "கதையும் ஒன்னோடது, ஓணானும் நீதான்லே" என்றார். படத்துக்குச் 'செதிலன்' என்று பெயரும் நானே வைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக் கண்ணாடி முன்னால் பயிற்சி. பல்லைக் கடிப்பேன், கண்ணை உருட்டுவேன், அடித்தொண்டையில் உறுமுவேன். ஓணான் எங்கே உறுமும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஏலே, பல்லு வலியா? கிராம்பு வச்சுக்கோயேன்" என்றார்.

என் தலையெழுத்து, தொழில் குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளி முடிந்தால் வெடிக் கம்பெனிக்கு ஓய்வு. பூஜை போட்டு மறுபடி திறக்கிறவரை ஆட்கள் வீட்டில்தான் இருப்பார்கள். அச்சகத்துக்கு அப்போதுதான் உயிர் போகும். காலண்டர் சீசன். லீவு கேட்டேன். மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "தை பெறந்த பெறகு கேளு. ஆர்டர் லோடு லோடா நிக்குது" என்றார். காளிராஜுக்கோ மாதம் முழுக்க வேலையில்லை. படப்பிடிப்பில் வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்து வெளிச்சம் காட்டத்தான் அவனை அழைத்திருந்தோம். "நீ வர்ற வரைக்கும் அவன் நிக்கட்டும்டா. முகந்தான் தெரியாதே, யாரு நின்னா என்ன?" என்றார் அண்ணாச்சி. மூன்றாம் நாள் போன் செய்து, "மாத்த வேணாம்டா. அவனே இருக்கட்டும்" என்றார்.

யார் நின்றால் என்ன என்று கேட்ட அதே மனிதர்!

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை நாசூக்காகச் சொல்வதில் அர்த்தமில்லை. செதிலுக்கு வெடிப் பெட்டி அட்டை கொண்டுவருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். கனமான அட்டை, வெட்டி ஒட்டினால் ஓடு மாதிரி படியும். அதைக் கொண்டுபோகவில்லை. தினமும் கிழிக்கும் காலண்டர்த் தாளில் கழிவானதை ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு போனேன். மெல்லிசுத் தாள். வெள்ளைப் பக்கம் வெளியே இருக்கும்படி ஒட்டிப் பச்சை அடிக்க வேண்டியது. பசை காய்ந்தால் அது சுருளும், அச்சடித்த பக்கம் வெளியே தெரியும், ஓணான் பல்லிளிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அட்டை கெடைக்கலை அண்ணாச்சி" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வைப்பாற்று மணலில் படப்பிடிப்பு. எங்களிடம் லைட் கிடையாது, அதனால் பயங்கரக் காட்சி எல்லாம் உச்சி வெயிலில்தான். கேமரா முன்னால் நீல ஜிலேட்டின் தாளைக் கட்டினால் ராத்திரி ஆகிவிடும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. காளிராஜ் உடம்பெல்லாம் செதிலோடு கருவேல மரத்தடியில் குத்தவைத்திருந்தான். அச்சகத்துப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது. விஷம் என்பதால் உடம்பில் தடவும் பசைக்கு அண்ணாச்சி அதைப் போடவில்லை. துத்தம் போடாத பசைக்கு என்ன வரும்? எறும்பு வந்தது. வரிசை வைத்து வந்தது. அவன் தொடையில் ஏறி வயிற்றில் ஏறிக் கழுத்துக்குப் போவதை நான் பார்த்தேன். இதோ குதிக்கப் போகிறான், இன்றோடு வேஷம் நமக்கு என்று மனசு துள்ளியது.

அவன் அசையவில்லை. உறுமவுமில்லை. அதற்கு முன்னால் மரத்து ஓணான்களைப் பார்த்தபடி நாலைந்து நாள் சும்மாவே உட்கார்ந்திருந்தானாம். இமையை மட்டும் மெல்ல இறக்கினான். தலை இரண்டு தரம் மேலும் கீழும் போயிற்று. பிறகு தொண்டை மட்டும் உப்பித் தணிந்தது. காற்றும் வெயிலும் பட்டு என் காலண்டர்த் தாள்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு எழும்பின. முதுகு முழுக்க முள் நட்டுக்கொண்டது. "அட்டை கெடைக்காததும் நல்லதுக்குத்தான்டா. தாளு சுருளச் சுருள உசுரு வந்த மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் செய்த வினையை நானே நின்று ரசிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி முன்னால் நான் செய்ததெல்லாம் கோமாளித்தனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் என்னைவிட நன்றாகச் செய்கிறான் என்பதுகூடப் பெரிதில்லை. அதை நான் கண்டுகொள்ளும்படி செய்தானே, அதுதான் தாங்கவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டி இருட்டாக்கிப் படம் போட்டோம். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் இருந்தது முழுக்கக் கல்யாண வித்தைகள். எனவே மனிதன் ஓணானாகும் இடத்தில் திரை இதய வடிவத்தில் சுருங்கி, ரோஜா இதழ் கொட்டி, ஓணானாக விரிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்து ஓணானின் நெஞ்சு பெரிதாக வந்தது. சுருண்ட செதில் ஒன்றில் எழுத்து பளிச்சென்று தெரிய, முன்வரிசையில் ஒருத்தன் சத்தமாகப் படித்தான்: "ஏலே, இன்னைக்குக் கரிநாள்லே!"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பட்டதில்லை.

அது நீடிக்கவில்லை. திரையில் காளிராஜ் கழுத்தை மெதுவாகத் திருப்பிச் சிரிப்பு வந்த பக்கம் பார்த்தான். எடுத்தபோது அது ஏதோ ஒரு திருப்பம்தான். ஆனால் சிரித்தது காதில் விழுந்து திரும்பியது மாதிரியே இருந்தது. இமை இறங்கியது. தொண்டை உப்பியது. சிரிப்பு அறுந்து மண்டபம் அப்படியே அடங்கிப்போயிற்று. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. என் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காளிராசு எம்புட்டு அருமையா செய்யுதான் பாரு" என்றார். என்னைப் பெற்ற அம்மா.

வெளியே அவனைச் சுற்றிக் கூட்டம். அதை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "மாப்ள, செதிலத்தான்டா எல்லாரும் சொல்றாக. நீ கொண்டாந்தது" என்றான். அவன் மனதில் கள்ளம் கிடையாது. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பொங்கல் கழிந்ததும் முகூர்த்தங்கள் குவிந்தன. கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமென்று அண்ணாச்சி எங்கள் படத்தை அழித்துவிட்டார். அவருக்கு அது வழக்கம், ஒரு வீட்டுக் கல்யாணம் முடிந்தால் அழித்துவிட்டுத்தான் அடுத்தது. அழிக்கும் முன் ஒரே ஒரு சிடி போட்டு, "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்கிடுங்க" என்று என் கையில் கொடுத்திருந்தார். காளிராஜ் அதைக் கேட்டான். நாளைக்குத் தருகிறேன் என்றேன். அவனுக்குப் பெண் பார்த்தபோது கேட்டான். கல்யாணமாகி மனைவியோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது, "மாப்ள, அவளுக்கு ஒரு தடவ காட்டணும்டா" என்று தணிந்த குரலில் கேட்டான். "எங்கன வச்சேன்னு தெரியல, தேடுறேன்" என்றேன். அது பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. நானும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

தகரக் கூரை வீட்டில் ஏழெட்டுக் கோடை. வீடு மாறும்போது சிடியை எடுத்துப் பார்த்தேன். பூச்சு உரிந்து கையோடு வந்தது. எதில் போட்டும் ஓடவில்லை. அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. மண்டபத்தை இடித்துவிட்டார்கள். என் அம்மாவும் இல்லை.

இந்தக் கோடையில் ஒரு நாள் கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"மாமா, நான் அச்சங்குளம் காளிராஜ் மக பேசுறேன். அப்பா ஒரு படத்துல ஓணானா நடிச்சாகளாமே, நெசந்தானா? பள்ளிக்கூடத்துல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காக. எங்கம்மாவே நம்பல. மாமாட்டக் கேளு, அவுகளுக்குத் தெரியும்னு அப்பா சொன்னாக."

"நெசந்தான்மா" என்றேன்.

"நல்லா நடிச்சாகளா?"

அந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது. எறும்பைச் சொல்லியிருக்கலாம். மண்டபம் அடங்கியதைச் சொல்லியிருக்கலாம். இப்போது உங்களிடம் இவ்வளவு சொல்கிறேனே, இதில் கால்வாசி சொல்லியிருந்தால் போதும்.

"பரவாயில்லாம நடிச்சான்மா" என்றேன்.

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பரவால்லையாம்ப்பா" என்று சொன்னாள். அவன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான்.