நாற்பது நாள் இளையவள்

பங்குப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயதாகிறது, வரலாறு எழுதித் தாருங்கள் என்று பங்குச்சாமியார் கேட்டபோது மசி டீச்சர் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. முப்பத்தாறு வருடம் ஒன்றாம் வகுப்பை மேய்த்தவர். கடைசிவரை மைப்பேனாவை விடாததால் அந்தப் பெயர். கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் பத்தொன்பது பிள்ளைகளோடு தொடங்கியது, மடத்துச் சிஸ்டர்கள் கட்டடம் எழுப்பியது, வெள்ளம் புகுந்த வருடம் பீடத்துக்கு முன்னால் பெஞ்சு போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது என்று பதினோரு பக்கம் மளமளவென்று ஓடிவிட்டது. ‘நூறாண்டில் ஒரு பிழையும் இல்லாத சேர்க்கைப் பதிவேடு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

மறுநாள் காலை பள்ளி அலுவலக அறைக்குத் தையற்காரி வந்தாள். டீச்சரின் முதல் வருடத்து மாணவி. இரட்டைப் பிள்ளைகளில் இளையவள். முன்னால் பிறந்தவன் லாரி ஓட்டுகிறான்.

“என்ன, மூஞ்சி வாடிப்போயிருக்கு?”

“அம்மா விட்டுட்டுப்போன வீட்டை எங்க ரெண்டு பேர் பேருக்கும் மாத்தப் போனோம் டீச்சர். ஆபீஸர் எங்க ரெண்டு பேரு ஸ்கூல் சர்ட்டிபிகேட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, நாப்பது நாள் இடைவெளியில ஒரு பொம்பளை ரெண்டு பிள்ளை பெத்தாளா, உலக அதிசயமா இருக்கேங்கிறாரு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடப் பிறந்தநாள் என்று ஒன்று யாருக்குத்தான் இல்லை.

“உன் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?”

“அங்க வாயே திறக்கலை. வெளியில வந்து, ‘யாரு கண்டா, அம்மா உன்னை எங்கேயிருந்து தூக்கிட்டு வந்தாளோ’ங்கிறான். அந்த வீட்டுலதான் டீச்சர் நானும் என் மெஷினும் இருக்கோம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்கூல்லேர்ந்து லெட்டர் வேணுமாம்.”

டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டையும் கோயிலின் ஞானஸ்நான ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். பையன் பிழைப்பானோ என்று பிறந்த அன்றே நர்ஸே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டிருக்கிறாள். கொழுகொழுவென்று இருந்த பெண்ணுக்கு, அம்மா எழுந்து நடமாடிய பிறகு, நாற்பதாம் நாள் கோயிலில் ஞானஸ்நானம். அந்தத் தேதிதான் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதியாக உட்கார்ந்திருக்கிறது. எழுத்து டீச்சருடையது, இருபத்திரண்டு வயது எழுத்து. விரல் அடுத்த வரிக்குப் போனது. அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அந்த வருடம் சேர்ந்த முப்பத்தொரு பேருக்கும் பிறந்த தேதிக் கட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஞானஸ்நானக் கட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

“விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு, பிஷப் வர்றாரு,” என்று விஷயத்தைக் கேட்ட சாமியார் தலையைச் சொறிந்தார். “யாரோ பழைய கிளார்க் பண்ணினதுன்னு எழுதிடலாமே. செத்த ஆளு கோவிச்சுக்க மாட்டாரு.”

“இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளார்க்கே கிடையாதே சாமி. எல்லாம் நாங்கதான்.”

சொல்லிவிட்டாரே ஒழிய, அந்த இல்லாத கிளார்க் மேல் டீச்சருக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாலு தாளைக் கிழித்தபின் ஒருவழியாக எழுதினார்: ‘பிறந்த தேதி தவறுதலாகப் பதிவாகிவிட்டது.’

வியாழக்கிழமை தையற்காரி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஆகிவிட்டதுன்னு இருக்கே டீச்சர். தானா எப்படி ஆகும்னு கேப்பான் அந்த ஆளு.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை. பிறகு புதுத் தாள் எடுத்து, ‘தவறுதலாக நான் பதிவு செய்துவிட்டேன்’ என்று எழுதிப் பெயரையும் போட்டார். சாமியார் முத்திரை குத்திவிட்டு, “மிச்சப் பேருக்கு?” என்றார்.

“தேடிப் பிடிக்கணும். வரலாற்றுலயும் அந்த வரியை அடிச்சாச்சு.”

தையற்காரி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. டீச்சரும் எதிர்பார்க்கவில்லை.

“போற வழியில அண்ணன்கிட்டயும் ஒரு தடவை காட்டிடும்மா. மனசு மாறுவான்.”

“அவன்கிட்ட என்னத்தைக் காட்ட? கூடப் பிறந்தவதான்னு அவனுக்குத் தெரியாதா டீச்சர்.”

அவள் படியிறங்கிவிட்டாள்.